கால்மாட்டுத் தட்டல்

இரண்டு தட்டு கேட்டது. பழக்கத்தில் நர்மதாவும் விரலை மடக்கிக் கண்ணாடியில் இரண்டு தட்டினாள். அப்புறம்தான் உறைத்தது. தனுஷா எப்போதும் தலைமாட்டில்தான் தட்டுவாள். இது கால்மாட்டிலிருந்து வந்தது.

கள்ளக்குறிச்சியில் ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்தது அந்த ஆள் நீளக் கண்ணாடிக் குழாய். அதற்குள் மல்லாந்து கிடக்க வேண்டும். கதவை இறுக்கி ஆக்சிஜனை அழுத்தி ஏற்றுவார்கள். காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் திறக்கும், புழுக்கம் ஏறும், துவைத்த பருத்தித் துணியும் டெட்டாலும் சொந்த மூச்சும் கலந்த வாடை மூக்கைவிட்டுப் போகாது. உள்ளேயும் வெளியேயும் பேசிக்கொள்ளும் மைக் கெட்டுப் பத்து நாள் ஆகிறது. அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மிஷினைப் பார்த்துக்கொள்ளும் தனுஷா வெளியிலிருந்து இரண்டு தட்டுவாள். உள்ளே இருப்பவர் இரண்டு தட்டினால் நலம் என்று அர்த்தம்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று சென்னையில் அவள் நரம்பு நோய்க்குப் பெயர் சொன்ன டாக்டர், இந்த ஆக்சிஜனால் அது குணமாகும் என்று ஆய்வுகள் காட்டவில்லை என்றும் சொல்லியிருந்தார். அந்த ஆய்வுகளை நர்மதாவே தேடிப் படித்தாள். கல்வராயன் மலையில் அவள் வீட்டின் முதல் பட்டதாரி, அத்தனையும் படித்துவிட்டுத்தான் வந்து படுத்தாள். முழங்காலுக்குக் கீழே ஐந்து மாதமாக உணர்ச்சி இல்லை. போன மாதம் பஸ்ஸை விட்டு இறங்கியபோது செருப்பு கழன்றது தெரியாமலே வீடுவரை நடந்து, வாசலில் ரத்தத் தடத்தைப் பார்த்து அம்மா கத்திய பிறகுதான் குனிந்து பார்த்தாள். ஒரே ஒரு விரல் தரையை உணர்ந்தால் போதும். அவ்வளவுதான் கேட்டாள்.

படுக்கும்போதே அம்மா சாலம்மாள் ஆரம்பித்திருந்தாள்.

"யாரு தட்டினாலும் ஒடனே பதிலுக்குத் தட்டிக்கினு இருக்காதடி. நம்மூர்ல எப்டி? மூணாவது வாட்டி கூப்ட்டாதான் மனுசன். ரெண்டோட நிறுத்தினா அது வேற."

"மலையிலேர்ந்து அதையும் பஸ்ல ஏத்திக்கினு வந்தியா? டிக்கெட்டு எடுத்தியா?"

தனுஷா சிரித்தாள். "பதில் வரலன்னா நான் பயந்துடுவேங்க்கா. நீங்க தட்டிடுங்க."

இப்போது குழாய்க்குள் நர்மதா தலையைத் திருப்பினாள். ஜன்னலில் மூன்று மணி வெயில். தனுஷா நாற்காலியில் இருந்தாள், இரண்டு கையிலும் போன். அம்மா பெஞ்சில், முந்தானையால் விசிறிக்கொண்டு. கால்மாட்டு இரும்பு மூடி சுவரை ஒட்டி இருந்தது. அங்கே ஆள் நிற்க இடமே இல்லை.

மறுபடி இரண்டு தட்டு.

வெளியிலிருந்து தட்டினால் சத்தம் கண்ணாடியின் தடிமனைத் தாண்டி மங்கலாக வரும். இது மங்கலாக இல்லை.

கண்ணாடியில் உள்ளங்கையால் அடித்தாள். தனுஷா பதறி எழுந்து வால்வைத் திருகினாள், பத்து விரலை விரித்துக் காட்டினாள். பத்து நிமிடம். அழுத்தம் இறங்காமல் கதவு திறக்காது. காற்று சீறத் தொடங்கியது.

அம்மா எழுந்து நின்றாள். அவள் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. கால்மாட்டையே பார்த்தாள். பார்த்தபடியே பின்னால் நகர்ந்தாள். சுவரில் முட்டி நின்றாள்.

நர்மதா கழுத்தை நிமிர்த்தினாள். நெற்றி கண்ணாடியில் இடித்தது. போர்வை மட்டும் தெரிந்தது.

அப்போது சில்லென்றது.

இடது சுண்டுவிரல்.

ஐந்து மாதத்துக்குப் பிறகு. வந்துவிட்டது. அந்த டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும். வந்துவிட்டது.

பாதம். குதிகால். கணுக்கால்.

சில்லிப்பு பரவவில்லை. பிரிந்து பிரிந்து பதிந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

மறுபக்கம், தனியாக, தடித்து, ஐந்தாவது.

இறுகியது.

போர்வை மெல்ல மேடானது. கணுக்காலைப் பிடித்த பிடி தளரவில்லை. இன்னொன்று ஏறி வந்தது. அவள் முழங்கால் சிப்பியில், மெதுவாக, இரண்டு தட்டு.

பதிலுக்குக் காத்திருந்தது.