பதின்மூன்று மீட்டரில் பெரட்டு

ரேடியோவின் முள் எந்த ஸ்டேஷனிலும் இல்லை. ஆனாலும் அது மூச்சு விட்டது.

லுணுகலைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் பன்னிரண்டு ஒற்றையறைக் காம்பரா, பதினொன்றில் பூட்டு. சனமெல்லாம் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட, காவலுக்கு நல்லையா ஒருவர்தான். தனிமை என்றால் அப்படியொரு தனிமை: அவர் தும்மினால் அது பதுளை வரை போய், ஆளில்லை என்று திரும்பி வரும். மகள் தனலெட்சுமி புருஷனோடு போய் ஏழு மாதம். கடிதமில்லை. அவள் இருக்கிற நாட்டுக் குரலாவது கேட்காதா என்று பொழுது சாய்ந்ததும் முள்ளைத் திருப்பிக்கொண்டிருப்பார். அப்போதுதான் பதின்மூன்று மீட்டர் அலைவரிசையில் அந்த இரைச்சல் அகப்பட்டது.

பதுளையில் ரேடியோ பழுது பார்க்கும் ஸரூக் நானா அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "பேயுமில்ல, பிசாசுமில்ல. வியாழன் கிரகம்! மின்னேறின துகளெல்லாம் காந்தத்துல மாட்டி, வெளிய போக வழியில்லாம அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடுதாம். பேப்பர்ல போட்டிரிக்கி."

"பேரு சொல்லிக் கூப்புடுதே, நானா?"

"அப்ப பதில் சொல்லுங்களே! ஒரு நாள் பேர் விழும், சம்பளம் கெடைக்கும்!"

அன்று மாலை இறங்கிய பனியில் சொந்த மூக்கையே தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கொழுந்து பறித்து இரண்டு வருடமான மலையிலிருந்து பச்சைக் கொழுந்து வாடை வந்தது. ரேடியோவில் இரைச்சல் பொங்கி, வடிந்து, மறுபடி பொங்கி, விடியலில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் கால் மாற்றி நிற்கும் கூட்டம்போல் முனகியது. அதற்குள்ளிருந்து ஒரு கணக்கப்பிள்ளைக் குரல் பேர் படித்தது.

"இராக்கம்மா."

"வந்திருக்கேங்க."

அவளைப் புதைக்கக் குழி வெட்டியதே நல்லையாதான்.

"வீரசிங்கம்."

"இருக்கேங்க."

மரம் விழுந்து செத்தவன்.

"தனலெட்சுமி."

பதிலில்லை.

"தனலெட்சுமி!"

பதிலில்லை. இனிக் கணக்கப்பிள்ளையின் பேனா உயரும். பெயரை வெட்டிவிடும். வராதவளுக்குப் பக்கத்தில் நிற்கிறவர் குரல் கொடுப்பது தோட்டத்து வழக்கம். நாற்பது வருடப் பழக்கம். நினைப்பதற்குள் நாக்கு முந்திக்கொண்டது.

"வந்திருக்காங்க!"

இரைச்சல் நின்றது.

பேனா கீறியது.

செத்தவர்களின் பெரட்டு. அதில் பதில் சொல்லாதவள் உயிரோடு இருந்தவள்.

"ஐயா, வெட்டிடுங்க... அவ வரல... பொய் சொல்லிட்டேங்க..."

ரேடியோவில் ஒன்றுமில்லை. வெளியே கால்கள்.

கதவைத் திறந்தார். பனிக்குள் வரிசை. கம்பளி போர்த்திய தலைகள். கடைசியில், கம்பளியில்லாமல், தனலெட்சுமி. திகைத்த கண்கள் அவரையே பார்த்தன. பாதி பிசைந்த சோறு விரல்களில். அதிலிருந்து இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.