அலைநீளத்துக்கு ஆறு சில்லு

செவ்வாய்க் குடியிருப்பில், மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்து பேசினாலும் அவள் குரல் காதுக்கு வராது. கணக்கிட்டுத்தான் வரவேண்டும்.

வீட்டுக்குள்ளும் காற்று அவ்வளவு மெலிசு. எல்லோரும் சுவாசக் கவசம் மாட்டியிருப்பார்கள். பேசினால் கவசத்தின் மேல்தோல் அதிரும். அதைச் சின்னஞ்சிறு சில்லுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எப்படி அதிர்ந்தது என்று தெரிந்தால் போதும். எதிரிலிருப்பவர் காதில் என்ன கேட்கவேண்டும் என்று எல்லைக்கணிப்பி என்ற கருவி கணக்கிட்டுச் சொல்லிவிடும். நடுவிலிருக்கும் வெளியைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை.

கதிரேசனுக்குத்தான் கவலை. மனைவி மீனலோசனி மாரடைப்பில் போய் ஒன்பது நாள். கடைசியாக அவள் தன்னிடம் என்ன பேசினாள் என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. முப்பத்தோரு வருடம் குடித்தனம் நடத்தியவனுக்கு இது என்ன கொடுமை! கணிப்பு நிலையத்துக்குப் போய்ப் பொறியாளர் ரெஜினாவிடம் கேட்டான்.

பதிவுகளைப் புரட்டியவளுக்கு முகம் மாறியது.

"அவங்க போன அன்னிக்குப் பேசினது உங்க காதுக்கு வரவே இல்ல சார்."

"கருவி கெட்டுப்போச்சா?"

"நல்லாத்தான் இருக்கு. குரல் சுத்தமா கேக்க அலைநீளத்துக்கு ஆறு சில்லு வேணும். நீங்க கவனிக்காத பேச்சுக்குக் கணிப்பி தானா குறைச்சுக்கும். ஆறு, நாலு, ரெண்டு… போன வருஷத்திலேருந்து ஒண்ணுமில்ல. நீங்க கேட்டதுக்கு அவங்க சொன்ன பதில் மட்டும் வந்திருக்கு. அவங்களா ஆரம்பிச்ச எதுவும் வரல."

"ஒரு வருஷமா? அவளுக்குக்கூடத் தெரியலயா?"

ரெஜினா பதிவை அவன் பக்கம் திருப்பினாள். "உங்க குரல்ல கணிப்பியே 'ம்' சொல்லியிருக்கு. அதுக்கு முன்னாடியும் நூத்துக்குத் தொண்ணூறு தடவ நீங்க சொன்னது அதுதானே சார்."

அந்த 'ம்'மை எந்தப் பொறியாளரும் கண்டுபிடிக்கவில்லை. பூமியில் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்தும், கைபேசி மேல் குனிந்தபடியும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிப் பழகியது. கணிப்பி பார்த்துக் கற்றுக்கொண்டது, அவ்வளவுதான்.

நல்லவேளையோ கெட்டவேளையோ, அதிர்வுப் பதிவு அழியாமல் இருந்தது. ரெஜினா ஆறு சில்லு வைத்து மறுபடி கணக்கிட்டாள். மீனலோசனி காதருகே வந்து பேசினாள்.

"என்னங்க, காலையிலேருந்து நெஞ்ச அடைக்குது. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறீங்களா?"

"ம்."

"அட, உடனே சரின்னுட்டீங்களே! அப்ப நான் வேற யாரையும் கூப்பிடல. கிளம்பிட்டுச் சொல்லுங்க, கொஞ்சம் படுத்திருக்கேன்."

கதிரேசன் உடைந்துபோனான்.

"போலாம் மீனா, இப்பவே போலாம்" என்று கதறினான்.

அவன் கவசம் அதிர்ந்ததைக் கணிப்பி ஒரு சில்லு விடாமல் பதிந்துகொண்டது. யார் காதுக்குக் கணக்கிடுவது என்றுதான் அதற்குத் தெரியவில்லை.