ஜிம்மியின் மூட்டுவலி

மிருக வைத்தியரிடம் கொடுத்த இரண்டு கேள்வித்தாள்களிலும் ஒரே நாயின் பெயர்தான் இருந்தது. ஆனால் சுபோதினி நிரப்பியதில் ஜிம்மியால் படுத்தால் எழும்ப முடியாது, படி ஏற முடியாது, துள்ளுவது மறந்தே போயிற்று. கணவன் ஸ்ரான்லி நிரப்பியதில் எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்: சிரமம் இல்லை. நாய் வாய் திறந்து வலியைச் சொல்லாது, அதனால்தான் வளர்ப்பவரிடம் கேட்கிறோம், அதைக் கூடவே இருக்கும் ஒருவர்தான் நிரப்பவேண்டும் என்று மிருக வைத்தியர் சொன்னார். நாய் யாருடையது என்ற வீம்பில் ஆளுக்கொரு தாளை நிரப்பிக்கொண்டு போயிருந்தார்கள். மருந்தைக் கூட்டுவதற்கு முன் இருவரும் சேர்ந்து கவனித்துவிட்டு வரச்சொல்லி அவர் அனுப்பிவிட்டார்.

ஏன் பொய் எழுதினீர்கள் என்று திரும்பும் வழியில் ஓட்டோவில் வைத்துச் சுபோதினி கேட்டாள்.

"பார்த்ததைத்தான் எழுதினனான். பின்னேரத்தில அவன் நல்லா ஓடித் திரியிறான்," என்றான் ஸ்ரான்லி.

பின்னேரங்களில் சுபோதினி ரியூசன் வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருப்பாள். அந்த நேரம் அவளுக்குத் தெரியாத நேரம். ஜிம்மி, ஸ்ரான்லியின் முதல் மனைவி மரியகொறற்றி வளர்த்த நாய். அவள் செத்துச் சில வருடமாகிறது. கலியாணம் கட்டி இந்தக் கொழும்பு வெள்ளவத்தை ஃபிளாட்டுக்கு வந்த நாளிலிருந்து அதன் முழங்காலைத் தடவிவிடுவதும், சோற்றுக்குள் வலிக் குளிசையை ஒளித்துக் கொடுப்பதும் சுபோதினிதான். அவளைக் கண்டு அது ஒருநாளும் வாலாட்டியதில்லை. நாய் தன் பக்கம் வந்தால் ஸ்ரான்லியும் வருவான் என்று நம்பியிருந்தாள். செத்தவள்மேல் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் வகுப்பை வேளைக்கே முடித்துக்கொண்டு வந்தாள். மழை இருட்டு. கரையோர ரயில் கடந்துபோக யன்னல்கள் அதிர்ந்து அடங்கின. பக்கத்து வீட்டு மீன் பொரியலின் மணமும் ஈரச் சுவரின் பூஞ்சண மணமும் மாடிப்படியில் கலந்து நிற்க, தங்கள் கதவுக்குப் பின்னால் நாயின் நகங்கள் சீமெந்துத் தரையில் விறுவிறென்று, ஒரு காலும் இழுபடாமல் ஓடும் சத்தம் அவளுக்குக் கேட்டது.

கதவை மெல்லத் திறந்தாள்.

ஜிம்மி பின்னங்கால்களில் நின்றது. நேராக. முன்னங்கால்கள் ஓர் ஆளின் இடுப்பளவில், வெறும் காற்றில் ஊன்றியிருந்தன. வால் ஆடியது.

கழுத்து மயிர் அழுந்தியது. நிமிர்ந்தது. மறுபடி அழுந்தியது.

யாரோ தடவுகிறார்கள்.

சோபாவில் இருந்த ஸ்ரான்லி அவளைக் கண்டான். பதறவில்லை.

"ஆர் அது?" என்றாள்.

"அவளுக்குச் சத்தம் பிடிக்காது, சுபா. கொஞ்சம் வெளியில நில்லும்."

பயத்தைவிட அந்தச் சொல்தான் அவளைக் குத்தியது. வெளியில்.

நாய் இறங்கியது. சோபாவடிக்கு வந்து படுத்தது. ஸ்ரான்லிக்குப் பக்கத்து மெத்தை மெதுவாக அமிழ்ந்தது. அவன் பார்க்காமலே கையை அந்தப் பக்கம் நீட்டினான். விரல்கள் மூடின. முழுதாக மூடவில்லை. இன்னொரு கையின் அளவுக்கு நடுவில் இடம் இருந்தது.