ஏரி எல்லைக்கு எழுந்த கைகள்

பூட்சில் அப்பியிருந்த மார்ச் மாதச் சேற்றை வாசற்படியில் தட்டிவிட்டு, கொரின் திபோடோ ஊர் மன்றத்துக்குள் நுழைந்தாள். உள்ளே காப்பி மணமும் ஈரக் கம்பளி உடுப்புகளின் வாடையும் கலந்திருந்தன. சமையலறையில் மதியச் சாப்பாட்டுக்குப் பன்றி இறைச்சி போட்ட பீன்ஸ் வெந்துகொண்டிருந்தது. ஆண்டுதோறும் கூடுகிற ஊர்க்கூட்டம்தான். சாலைச் செலவிலிருந்து நிலப் பயன்பாடு வரை எல்லாமே அங்கே கைதூக்கித்தான் முடிவாகும்.

அன்றைக்கு முடிவாக வேண்டியது அவள் வீடு.

பள்ளத்தாக்கில் புதிய அணை எழுந்தபோது கீழ் ஹேடன் கிராமம் மூழ்கிப் போனது. அவளுடைய ஊரான மேல் ஹேடன் மக்கள் இதே மன்றத்தில் கைதூக்கி ஒப்புக்கொண்ட காரியம் அது. மர ஆலையில் கட்டைவிரலை இழந்த ஆல்டன் குஷ்மனும் அவன் குடும்பமும் மட்டும் கடைசி வரை நகர மறுத்தார்கள். பிறகு மேய்ன் மாநிலத்துப் பக்கம் மகளிடம் போய்விட்டார்கள் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். அந்த மகளை யாரும் பார்த்ததில்லை.

நீர் நிறைந்ததும் கரைக்கு மேலே காப்பு எல்லை ஒன்று வந்தது. எல்லைக்குள் வருவதெல்லாம் ஏரிக்குச் சொந்தம். வீடு கூடாது, உழவு கூடாது. இப்போது அதைச் சரிவில் இன்னும் மேலே ஏற்ற வேண்டும் என்று நீர்வாரியம் கேட்டிருந்தது. ஏறினால் கொரினின் வீடும் ஆப்பிள் தோட்டமும் உள்ளே போய்விடும்.

கை எண்ணுகிற இருவரில் அவளும் ஒருத்தி.

"என்ன கொரின், உன் வீட்டை நீயே எண்ணிக் குடுத்துடப் போறியா?" என்று சிரித்தான் பக்கத்துத் தோட்டத்து கஸ்.

"எண்ணுறதுக்கு என்ன இருக்கு? என் கொழுந்தன் ஒருத்தன்தான் தூக்குவான். அவனுக்குத்தானே வாரியத்துல வேலை!"

முன்வரிசையில் இருந்த கொழுந்தன் ராய்ஸ் திரும்பினான். "காது கேக்குது எனக்கு."

"கேக்கட்டும். வெளியூர் ஆளு எத்தனை பேரைக் கூட்டிட்டு வந்திருக்க?"

"நல்லா பாத்துக்க. பின்பெஞ்சுல ஒரு ஈ காக்கா இல்ல."

இல்லைதான். ஆனாலும் அவளுக்கு அவன் முழியே பிடிக்கவில்லை.

கை எண்ணுகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. சட்டம் இல்லை, ஊர் வழக்கம். தன் பக்கத்து வீட்டுக்காரன் தனக்கு எதிராகக் கைதூக்கினான் என்று தெரிந்த பிறகு, மறுநாள் ஒரே கடையில் எப்படிப் பால் வாங்குவது? அதனால் பார்வையைத் தலைகளுக்கு மேலே நிறுத்தி, கைகளை மட்டும் எண்ணிக்கொண்டே போவார்கள்.

கூட்டத்தை நடத்துகிற ஆரின் லெவிட் மேசையைத் தட்டினார். "எல்லையை மேல ஏத்தச் சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க."

கொரின் தன் பக்கத்து வரிசைகளில் நடந்தாள். முன்வரிசையில் ராய்ஸின் கை. நடுவில் ஒன்றுமில்லை. பின்னால் போகப் போகக் கைகள் அடர்ந்தன. அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. கூட்டிக்கொண்டு வந்துவிட்டான், படுபாவி!

அப்போதுதான் அந்த வாடை வந்தது.

காப்பி இல்லை, கம்பளி இல்லை. ஏரியடிச் சேறு.

அவள் சொன்ன எண்ணைக் கேட்டு ஆரின் கண்ணாடியைக் கழற்றினார். கஸ் துள்ளி எழுந்தான். "நாங்க யாருமே தூக்கலியே! அத்தனை கை எங்கேருந்து முளைச்சுது?"

"மறுபடி எண்ணு கொரின்," என்றார் ஆரின்.

ராய்ஸின் முகமும் வெளுத்திருந்தது. அப்படியானால் இவன் கூட்டி வந்த ஆட்கள் இல்லை.

இம்முறை பின்வரிசையில் பார்வையைக் கீழே இறக்கினாள்.

பெஞ்சுகள் காலி.

கைகள் மட்டும் நின்றன.

நனைந்த சட்டைக் கைகளிலிருந்து நீர் பலகைமேல் சொட்டியது. மற்றவர்கள் அவளைத்தான் பார்த்தார்கள். கைகள் வேறு யார் கண்ணிலும் படவில்லை. மிக அருகில் இருந்த கையில் கட்டைவிரல் இல்லை.

"ஆல்டன்," என்று முணுமுணுத்தாள். "உங்களுக்கு இங்க வாக்கு இல்லியே."

காதோரம் ஈரமாக ஒரு குரல். "எங்க ஊருக்கும் நீதானே எண்ணின? அன்னைக்குச் சரியா எண்ணின. இன்னைக்கும் சரியா எண்ணு."

அவள் ஆப்பிள் மரங்களை நினைத்தாள். விறுவிறுவென்று முன்னால் வந்தாள்.

"ஒண்ணுதான்," என்றாள் உரக்க. "ராய்ஸ் மட்டும். முன்ன கண்ணு ஏமாத்திடுச்சு."

மன்றம் சிரித்துக் கைதட்டியது. "கண்ணாடி வாங்கித் தரேன் கொரின்!" என்று கத்தினான் கஸ். தீர்மானம் தோற்றது. எல்லை இருந்த இடத்திலேயே நின்றது.

பின்பெஞ்சில் ஒரு கையும் தாழவில்லை.

அவள் சாப்பாட்டுக்கு நிற்காமல் வண்டியைக் கிளப்பினாள். நல்ல வெயில். தோட்டம் அப்படியே இருந்தது. வீட்டின் புகைபோக்கியிலிருந்து புகை போய்க்கொண்டிருந்தது. அடுப்பை அவள் மூட்டியிருக்கவில்லை.

கதவு தாழிடாமல் கிடந்தது. உள்ளே நடைச்சுவரில் வரிசையாக மேலங்கிகள் தொங்கின. பெரியவை, சிறியவை, ஒரு கைக்குழந்தையுடையது. எல்லாம் நீர் சொட்டிக்கொண்டிருந்தன.

அவளுடையதை மாட்ட ஒரு கொக்கிகூட மிச்சமில்லை.