மூன்றாவது ஃபிரேம்

டிரைவின் சத்தம் மாறியது. அதுவரை வண்டு போல ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது, படத்தின் கடைசிப் பகுதிக்கு வந்ததும் தணிந்து, நின்று, மறுபடி சுழன்று, பாரமான எதையோ இழுக்க முடியாமல் இழுப்பது போல முனகியது. திரையில் டிவிடி எழுதும் வேகம் எட்டிலிருந்து நாலுக்கு விழுந்தது. பிறகு ஒன்று.

ஜெய்சங்கர் கண்ணைத் தேய்த்துக்கொண்டான். திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால், வெங்காய மண்டிக்கு மேலே இருந்த ஸ்டூடியோவின் எடிட்டிங் அறைக்கு ஜன்னல் கிடையாது. மாலை மழையில் நனைந்த சாக்கின் வாடையும் அழுகிய வெங்காயத்தின் வாடையும் படியேறி வந்து கம்ப்யூட்டரின் சூட்டோடு கலந்து அங்கேயே நின்றன. அவன் சரியாகத் தூங்கி எத்தனையோ நாளாகிறது.

தப்பு அவனுடையதுதான். கல்யாணப் படத்தின் முடிவில், வீட்டில் இறந்துபோன பெரியவர்களின் போட்டோவை மாலையோடு ஃபிரேமில் வைத்து, ஒவ்வொன்றின் கீழும் ஒரு விளக்கு எரியவிடுவது ஸ்டூடியோவின் வழக்கம். கைவசம் இருந்த டிசைனில் மூன்று ஃபிரேம். மணப்பெண் வைஷ்ணவியின் வீட்டில் இறந்தவர்கள் தாத்தாவும் பாட்டியும் மட்டுமே. தூக்கக் கலக்கத்தில் மூன்றாவதில் அவளுடைய அத்தை மயிலம்மாளின் போட்டோவைப் போட்டுவிட்டான். அவர்கள் ஊரான வையம்பட்டியில் சொந்தக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தார்களாம். மயிலம்மாளும் பார்த்துவிட்டுச் சிரித்தாளாம். மறுநாள் காலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவள் தொட்டியருகே விழுந்தாள். இப்போது இங்கே திருச்சியிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறாள்.

மதியம் வைஷ்ணவி போன் செய்தாள். திட்டவில்லை.

"அண்ணே, அத்தை போட்டோவ எடுத்துட்டு வேற டிஸ்க் போட்டுக் குடுங்க. புதுசு கைக்கு வந்ததும் பழசை உடைச்சுப் போடணும்னு அப்பா நிக்கிறாரு. அப்பதான் அத்தை கண்ணு முழிப்பாங்களாம். நான் ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன்."

அந்த போட்டோவை எடுத்துவிட்டான். ஃபிரேமை எடுத்தால் டிசைனே குலைந்தது. புதிதாகச் செய்யத் தெம்பில்லை. காலியாக விட்டான்.

வீட்டுக்குக் கிளம்பிய முதலாளி கலீம் பாய் கதவருகே நின்று எட்டிப் பார்த்தார்.

"இன்னும் முடியலையா? மட்டமான டிஸ்க்கை எட்டுல ஓட்டுனா இப்படித்தாம்பா. நாலுல போடு."

"போட்டுப் பார்த்துட்டேன் பாய். டிஸ்க்கையும் மாத்தியாச்சு."

"வேற எதையாவது தொறந்து வெச்சிருக்கியா? ஒரே ஃபைலை ரெண்டு பேரு படிச்சா வேகம் விழும்."

"ஒண்ணும் தொறக்கல. நெட்டைக்கூடப் புடுங்கிட்டேன்."

"அப்ப பொண்ணோட தாத்தாதான் உக்காந்து கல்யாணம் பார்க்குறாரு. பார்த்து முடிக்கட்டும், விடு." சிரித்துக்கொண்டே படியிறங்கினார். கீழே அவருடைய வண்டி கிளம்பிப் போனது.

ஃபைலை வேறு ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினான். புது டிஸ்க் போட்டான். அதே இடத்தில் அதே முனகல். எழுதுவதை நிறுத்திவிட்டுக் கடைசிப் பக்கத்தைத் திறந்தான்.

தாத்தா. பாட்டி. மூன்றாவது ஃபிரேம் காலியாக இல்லை. அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை படிந்திருந்தது.

அழித்தான். பக்கத்தை மறுபடி உருவாக்கி, மறுபடி எழுதவிட்டான். வேகம் விழுந்தது. திறந்து பார்த்தான். கறைக்குத் தோள் வந்திருந்தது. தோளில் சட்டை. பழுப்புக் கட்டம் போட்டது. காலரில் பட்டன் அறுந்து நூல் தொங்கியது.

ஜெய்சங்கர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். பழுப்புக் கட்டம். காலரைத் தடவினான். விரலில் நூல் பட்டது.

டிரைவ் முனகியது. காலருக்கு மேல் கழுத்து வந்தது. ஒவ்வொரு கோடாக. உள்ளே வர அதற்கு நேரம் பிடித்தது. அதனால்தான் வேகம் இல்லை.

தாடை.

மயிலம்மாளின் போட்டோ பழைய ஃபோல்டரிலேயே கிடந்தது. அவன் யோசிக்கவில்லை. யோசிக்கத் தெம்பில்லை. அதை இழுத்து மூன்றாவது ஃபிரேமில் போட்டான். புது டிஸ்க். எட்டு.

வேகம் ஒருமுறைகூட விழவில்லை. வண்டின் இரைச்சல், சீராக, கடைசி வரை. தட்டு வெளியே வந்தது. டிஸ்க் வெதுவெதுப்பாக இருந்தது.

போன் அடித்தது. வைஷ்ணவி. எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

திரையில் கடைசிப் பக்கம் திறந்திருந்தது. தாத்தா, பாட்டி, மயிலம்மாள். அவர்களுக்குப் பக்கத்தில், டிசைனில் இல்லாத நான்காவது ஃபிரேம். பழுப்புக் கட்டம். தொங்கும் நூல். தாடை. வாய். மேலே இன்னும் எழுதப்படாத இடம்.

டிஸ்க் அவன் கையில் இருந்தது. காலித் தட்டு தானாக உள்ளே போனது. டிரைவ் முனகத் தொடங்கியது.

மூன்று விளக்குகள் எரிந்தன. நான்காவதின் திரி இப்போதுதான் புகையத் தொடங்கியிருந்தது. அறையில் வெங்காய வாடை போய், எண்ணெய்த் திரி கருகும் வாடை வந்தது.