ரொட்டிக்குழி

சுவரோரத்து வெந்நீர்க் குழாய் மூன்று நாளாகத் தட்டிக்கொண்டிருந்தது. குளிர்காலத்தில் அந்த வடகோடி எரிமலைத் தீவின் தலைநகரத்து வீடுகளில் குழாய் சத்தம் போடுவது புதிதல்ல. மலைக்கடியில் கொதிக்கும் தண்ணீர் அழுகிய முட்டை வாடையோடு பல மைல் ஓடிவந்து வீட்டுக்கு வீடு சூடேற்றும்போது இரும்பு விரியும், முனகும், எப்போதாவது சொடுக்கும். இது அப்படியில்லை. டக்டக். ஒரு மூச்சு நேரம் சும்மா. அப்புறம் டக்.

குழாய் பார்க்க வந்தவன் காதை வைத்துக் கேட்டுவிட்டு எழுந்தான்.

"காத்து அடைச்சிருக்கும்னு பாத்தேன். ஒண்ணும் இல்லீங்க. கீழ் வீட்டுக்காரங்க தட்டறாங்களோ என்னவோ."

"இதுதான் கீழ் வீடு," என்றாள் ஸ்வாவா. "இதுக்குக் கீழ மண்ணுதான்."

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்தாறு வருடம் கேட்ட தட்டு அது. அவளுடைய கணவன் க்ரீமூர் பழைய வீட்டு நிலவறையில் உட்கார்ந்து குடித்துக்கொண்டு, காபி வேண்டுமென்றால் ஸ்பேனரால் குழாயில் தட்டுவான். இரண்டு, அப்புறம் ஒன்று. வாயைத் திறந்து கூப்பிடக்கூட அவள் தகுதியில்லாதவள் போல.

மறுநாள் காலை ஒன்பதரைக்குச் சுற்றுலாப் பேருந்து கிளம்பியபோதும் நகரம் இருட்டாகவே இருந்தது. டிசம்பரில் சூரியன் பதினோரு மணிக்கு மேல்தான் எட்டிப் பார்க்கும். ஸ்வாவா மைக்கைப் பிடித்துக்கொண்டு வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். குன்றின் மேல் விளக்கேற்றிய தேவாலயக் கோபுரம். உறையாமல் விட்டிருந்த ஒரு மூலையில் அன்னங்கள் நெருக்கியடித்த குளம். சிவப்பும் பச்சையுமாகத் தகரக் கூரைகள். பதினேழு பயணிகளும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். வழக்கமாக இங்கிருந்து வெந்நீர் ஊற்றுகளுக்குப் போவார்கள். இன்று அப்படியில்லை. முதலாளி பெர்கூர் முந்தின நாள் போனில் சொல்லிவிட்டான்.

"ஹ்ராவ்ன்விக்குக்குப் புது டூர் போடறோம். நீ அந்த ஊர்க்காரி. உன்னை விட்டா யாரு சொல்லுவா? நடுவுல கண்ணு கலங்குனா கலங்கட்டும், ஜனங்களுக்குப் பிடிக்கும்."

"எனக்கு அங்க வேணாம், பெர்கூர்."

"அப்ப ஜனவரில இருந்து உனக்கு இங்கயும் வேணாம்னு வெச்சுக்கவா?"

ஐம்பத்து நாலு வயது, வாடகை வீடு. சரி என்று போனை வைத்தாள்.

ஊர் எல்லை தாண்டியதும் எரிமலைப் பாறைவெளி தொடங்கியது. இரண்டு பக்கமும் கறுப்புக் கற்கள், அவற்றின் மேல் நரைத்த பாசி, பள்ளங்களில் அழுக்குப் பனி. மைக்கை அணைத்துவிட்டு ஓட்டுநர் டோர்ஃபியின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள்.

"உன் வீட்டை நீயே காட்டி அதுக்குச் சம்பளமும் வாங்கற. கொடுத்துவெச்சவடி நீ," என்றான் டோர்ஃபி.

"ரோட்டைப் பாத்து ஓட்டு."

டக்டக். அவள் காலுக்கடியில், பேருந்தின் தகரத் தரைக்குக் கீழே. டக்.

"கேட்டியா?"

"கல்லு தெறிக்குது. உப்பும் சரளையும் கொட்டி வெச்சிருக்கான் பாவிங்க."

அவள் காலை மேலே தூக்கி இருக்கையின் விளிம்பில் வைத்துக்கொண்டாள். சின்னப் பிள்ளை போல. டோர்ஃபி ஒரு தரம் பார்த்துவிட்டு ரோட்டுக்குத் திரும்பினான்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மார்ச் காலை, ஹ்ராவ்ன்விக்கின் பின்பக்கக் குன்று பிளந்துகொண்டது. சங்கு ஊதியது. சாம்பல் மழையாகக் கொட்டியது. ஸ்வாவா பையையும் கார்ச் சாவியையும் எடுத்துக்கொண்டு ஓடினாள். ஓடும்போது குழாய் தட்டியது. டக்டக். டக். காபி கேக்கறான், ஊரே எரியுது இவனுக்குக் காபி, காலு இருக்குல்ல ஏறி வரட்டும் என்று மனசுக்குள் வைதுகொண்டே கதவைச் சாத்தினாள். சாலைத் தடுப்பில் வரிசையாகக் கார்கள் நின்றபோதுதான் நினைவு வந்தது: முந்தின ராத்திரி அவன் தட்டு, கோப்பையெல்லாம் உடைத்ததால், நிலவறைக் கதவை வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டிருந்தாள்.

மீட்புப் படைப் பையன் ஜன்னலில் குனிந்தான். "வீட்டுல யாராச்சும் இருக்காங்களா?"

திரும்பிப் போக இன்னும் வழி இருந்தது. பத்து நிமிடம் இருந்தது.

"இல்ல," என்றாள். "அவரு படகுல கடலுக்குப் போயிட்டாரு."

ஒரு வாரம் கடலில் தேடினார்கள். அவள் கரையில் நின்று தேநீர் குடித்தாள். எல்லோரும் அவளைக் கட்டிக்கொண்டார்கள்.

பேருந்து நின்றது. கிழக்கே நீலம் மட்டும் கசிந்திருந்தது. ஊர் இருந்த இடத்தில் ஊர் இல்லை. கறுப்புச் சாம்பல் மேடுகள், அவற்றின் இடுக்குகளில் ஆவி, ஈரத் துணியைக் கருக்கியது போன்ற வாடை. சாம்பலுக்கடியில் பூமி இன்னும் ஆறவில்லை. அந்தச் சூட்டில் பெர்கூரின் ஆட்கள் முந்தின நாளே ரை தானிய மாவு அடைத்த பானை ஒன்றைப் புதைத்து வைத்திருந்தார்கள். நாள் முழுக்க வெந்த ரொட்டியைப் பயணிகள் முன்னால் தோண்டி எடுத்து, வெண்ணெய் தடவிக் கொடுக்க வேண்டும். இடத்துக்கு அடையாளமாக ஒரு சிவப்புக் கொடி நட்டிருந்தது.

அவள் மண்வெட்டியோடு கொடியை நோக்கி நடந்தாள். நாலடி தள்ளி, சாம்பலுக்கு மேலே முழங்கால் உயரத்தில் ஒரு தெருவிளக்கின் தலை மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. கழுத்து ஒரு பக்கம் வளைந்த விளக்கு. க்ரீமூர் குடித்துவிட்டு வண்டியால் மோதி வளைத்தது.

அவள் வாசல் விளக்கு.

"இங்க வேணாம், டோர்ஃபி. வேற எடத்துல..."

"பானை அங்கதான இருக்கு. சும்மா தோண்டு, குளிருது."

பயணிகள் வட்டமாக நின்றார்கள். சிவப்புக் குல்லாய் போட்ட ஒரு பெரியவர், அவர் மனைவி, மற்றவர்கள் பின்னால். எல்லார் கையிலும் போன். மனைவிதான் முதலில் தலையைச் சாய்த்தாள்.

"யாரோ தட்டற மாதிரி இல்ல?"

"பாறை ஆறும்போது அப்படித்தான் சொடுக்கும்," என்றாள் ஸ்வாவா. தன் குரல் அவ்வளவு நிதானமாக வந்தது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"மூணு வருஷமாவா ஆறுது?"

ஸ்வாவா குனிந்தாள். தோண்டினாள். சூடான சாம்பல், அதன் கீழ் இன்னும் சூடான சாம்பல். பானையின் மூடி தெரிந்தது. கையுறையோடு பிடித்துத் தூக்கினாள். பெரியவர் கைதட்டினார். மூடியைத் திறந்ததும் ரை ரொட்டியின் இனிப்பு வாசனை பரவியது. எல்லோரும் ஆ என்றார்கள். டோர்ஃபி துண்டு போட்டான், வெண்ணெய் உருகி ஓடியது, ஆளுக்கொன்றாகக் கை மாறியது.

ஸ்வாவா குழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பானை இருந்த பள்ளத்தின் நடுவே சாம்பல் இறங்கிக்கொண்டிருந்தது. சன்னமாக. சத்தமில்லாமல். கீழே எங்கோ ஒரு காலியிடத்துக்குள் கொட்டுவது போல. நீலத் தகரம் ஒரு விளிம்பு தெரிந்தது. அவள் வீட்டுக் கூரை. தகரத்தில் ஒரு கிழிசல். கிழிசலிலிருந்து ஒரு காற்று. சூடாக. சாராய நெடியோடு.

தட்டல் நின்றுபோயிருந்தது.

காதை அடைக்கும் அமைதி.

பிறகு சாம்பல் அசைந்தது. கிழிசல் வழியாக ஒரு கை மேலே வந்தது. அவசரமில்லாமல். மணிக்கட்டு வரை. சாம்பல் நிறத்துக் கை. ஆவி மறைத்தது, விலகியது. கை திரும்பி, உள்ளங்கையை மேலே காட்டி, விரிந்து நின்றது.

"அடடா!" பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். "இதையும் ஏற்பாடு பண்ணிருக்கீங்களா! பிரமாதம்!"

"தொடாதீங்க," என்றாள் ஸ்வாவா. அது யார் காதிலும் விழவில்லை.

அவர் குனிந்து தன் ரொட்டித் துண்டை அந்த உள்ளங்கையில் வைத்தார். போன்கள் நீண்டன. விரல்கள் மெல்ல மூடின. அப்போதுதான் புறங்கை தெரிந்தது: விரல் முட்டிகளில் தோல் இல்லை, சதை இல்லை, மூன்று வருடம் இரும்பில் தட்டித் தட்டித் தேய்ந்த வெள்ளை எலும்பு மட்டும். பெரியவரின் சிரிப்பு வாயிலேயே நின்றது. அவர் மனைவி அவர் கோட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். யாரோ ஓடினார்கள். டோர்ஃபியின் கையிலிருந்து கத்தி விழுந்தது.

கை ரொட்டியோடு கீழே போனது.

ஸ்வாவா மட்டும் குழியின் விளிம்பில் நின்றாள்.

கீழே, இருட்டில், எதுவோ மெல்லும் சத்தம். நிதானமாக. பிறகு அதுவும் இல்லை.

கை மறுபடி மேலே வந்தது. வெறுங்கையாக. விரிந்தது. இடமும் வலமும் துழாவி, சாம்பலில் கோடு கிழித்துக்கொண்டு திரும்பி, அவள் நின்ற பக்கம் நீண்டு நின்றது.