உப்பில் இறங்கியவள்

குளோரியின் மேல் ஈ உட்காரவில்லை என்பதை அவள் புருஷன் சிலுவை கவனித்தது ஒரு மத்தியானச் சோற்று வேளையில். இராஜாக்கமங்கலம் கடற்கரையின் ஈக்களைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதன் கனம் புரியும். பூசை நடுவே சாமியாரின் வாய்க்குள் புகுந்து, ஆமென் சொல்லும்போது வெளியே வருகிற இனம் அது. சிலுவையின் தட்டில் ஒரு படையே இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மனைவியிடம் ஒன்றுகூட இல்லை. கிட்டே பறந்து போனவையும் கண்ணாடியில் இடித்தவை போலத் திரும்பி வந்தன.

“ஏட்டி, நீ திங்கல்லியா?”

“எனக்கு வேண்டாம். நீரு தின்னும். நல்லா தின்னு கெழடாவும்.”

வாழ்நாளெல்லாம் ஐஸ் மீன் ஏற்றி அனுப்பிய வியாபாரி சிலுவை. குளோரியின் வீட்டார் தலைமுறையாகக் கருவாடு போட்டவர்கள். மீனைக் கெடாமல் காப்பது ஐஸா உப்பா என்ற சண்டை கல்யாணப் பந்தியில் தொடங்கியது, இன்னும் ஓயவில்லை. போன வருடம் சிலுவையின் அண்ணன் ததேயுஸ் இறந்தபோது சண்டைக்குப் புது உயிர் வந்தது. பெட்டிக்குள் கிடந்தவருக்கு வயது அறுபத்தைந்துதான். பார்க்க ஆதாமின் அப்பா மாதிரி இருந்தார். அடுத்த முறை தன்னுடையதுதான் என்று சிலுவை முடிவு கட்டினார்.

ஐஸில் வைத்த நெய்மீன் பல நாள் கழித்தும் செவுள் சிவந்து கிடக்குமென்றால் மனுசனுக்கு என்ன குறை? பழைய மீன் பெட்டியைக் கழுவினார். ஐஸ் கம்பெனியின் பார் ஐஸ் கட்டிகளை உடைத்துப் போட்டு, தினமும் காலையில் கழுத்தளவு இறங்கினார். தோல் விறைத்தது, முகம் சிவந்தது. முப்பது வயது குறைந்துவிட்டதாகத் துறை முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

“ஐஸ் தீந்தா நாறுவீரு,” என்றாள் குளோரி. “உப்புல கெடந்தது நாறாது.”

புறக்கடைக் கொட்டகையில் அவள் அம்மா விட்டுப்போன சிமெண்டுத் தொட்டி இருந்தது. அதில் கல்லுப்பைக் கொட்டிக் கழுத்துவரை புதைந்து கிடந்தாள். நண்பகலில் மொட்டை மாடியில் பாய் விரித்து வெயிலில் காய்ந்தாள். ஊர் சிரித்தது. சித்திரை முடிவதற்குள் சிரிப்பு நின்றது. அவள் முகச் சுருக்கம் ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. பஸ் கண்டக்டர் அவளை அவளுடைய மகள் டெல்சிக்குத் தங்கச்சியா என்று கேட்டான். ஆனால் அவள் சாப்பிடுவதில்லை. தண்ணீர் குடிப்பதில்லை. படுக்கையில் திரும்பினால், மணல் மூட்டையை இழுப்பது போல ஒரு சத்தம் அவளுக்குள்ளிருந்து வந்தது. தெருப் பூனைகள் எல்லாம் அவள் பின்னால் நடந்தன, கத்தாமல்.

சிலுவை கட்டிலைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டார்.

பிறகு மீன்பிடித் தடைக்காலம் வந்தது. விசைப்படகுகள் கடலுக்குப் போகவில்லை. படகு போகாவிட்டால் ஐஸ் யாருக்கு? ஐஸ் கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள்.

ஐஸ் இல்லாத முதல் நாள் விடியும்போது சிலுவையின் கன்னம் தாடைக்கு இறங்கியிருந்தது. மறுநாள் தாடை கழுத்துக்கு இறங்கியது. வீட்டில் ஒரு வாடை. சாக்கடை என்று நினைத்துப் பினாயில் ஊற்றினார், எலி என்று நினைத்து அலமாரியை நகர்த்தினார், கடைசியில் குனிந்து தன் அக்குளை மோந்து பார்த்தார். வாடை அங்கேதான்.

மீன் பழசா என்று பார்க்க விரலால் அழுத்துவார்கள். குழி எழும்பினால் நல்ல மீன். சிலுவை தன் முன்கையை அழுத்தினார்.

குழி எழும்பவில்லை.

அன்று மாலை மழை பிடித்தது. கரண்டு போனது. இருட்டிய வீட்டில் மாடி முழுக்க மழைச் சத்தம், அதற்கு அடியில், புறக்கடையிலிருந்து, யாரோ பொறுமையாக எதையோ கிளறுவது போல இன்னொரு சத்தம். சரக். சரக். சரக். சுவரைப் பிடித்துப் பிடித்து அவர் கொட்டகைக்குப் போனார். பிடித்த இடமெல்லாம் ஈரப்பசை ஒட்டியது.

எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் குளோரி உப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். இருபது வயதுப் பெண்ணின் முகம்.

“என்னையும் எறக்குட்டி.” ஆயுளில் முதன்முறையாக அவளிடம் கெஞ்சினார்.

“ஐஸுக்காரருக்கு இப்பம் உப்பு வேணுமோ?”

“நான் அழுகுதேன், குளோரி.”

“வாடை வாசல்லயே வந்துட்டு. சும்மா எறங்கினா ஆவாது. உள்ள கெடக்கது உள்ளயே அழுவும்.”

“நெத்திலிய அப்படியேதான போடுவ?”

“நீரு என்ன நெத்திலியா? வலிய மீனாக்கும் நீரு.”

அவள் சேலையை விலக்கினாள்.

தொண்டைக்குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழ்வரை ஒரே நேர்க் கீறல். ரத்தம் இல்லை. தையல் இல்லை. இரண்டு கையாலும் அலமாரிக் கதவைத் திறப்பது போலத் திறந்தாள். உள்ளே ஒன்றுமே இல்லை. வெள்ளை. கெட்டியாக அடைத்த கல்லுப்பு. அவள் சிரித்தபோது நாலு கல் உதிர்ந்து தரையில் உருண்டது.

ஓடலாம். பின்னால் கதவு திறந்துதான் கிடந்தது. அந்தப் பக்கம் மழை, தெரு, கோயில், மனிதர்கள். சிலுவை தொட்டி விளிம்பிலிருந்து கையை எடுத்தார். உள்ளங்கைத் தோல் விளிம்பிலேயே தங்கிவிட்டது.

குளோரி பலகையைக் கழுவிப் போட்டாள். கத்தியை எடுத்தாள்.

“படும்.”

படுத்தார். பலகை சில்லென்றிருந்தது.

“வலிக்குமாட்டி?”

“வலிக்கதத்தான் முதல்ல எடுப்பேன்.”

அவள் குனிந்தாள். திறந்த மார்பிலிருந்து உப்பு உதிர்ந்தது. அவர் வயிற்றின் மேல். ஒவ்வொரு கல்லாக. சிலுவையின் விரல்கள் சட்டையின் கடைசிப் பொத்தானைத் தாமாகவே கழற்றிக்கொண்டிருந்தன.